கற்பிப்போரும் கற்போரே

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

நல்லாசிரியர் என்னும் பொருள்பற்றிச் சில சொல்லுமாறு சங்கத்தார் எனக்குக் கட்டளையிட்டபோது நான் பெரிதும் தயங்கினேன். நான் கற்றது பத்தாம் வகுப்பு வரையில். என் தொழிலோ ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளைப் புரட்டுவது. பட்டம் பெற்ற ஆசிரியப் பெருமக்கள் சிலர் இந்த அவையிலேயே முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் முன் நான் ஆசிரியத் தொழிலைப்பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போலாகும் என்று சொல்லிப் பார்த்தேன். "ஞாயிறுதோறும் நம் குழந்தைகளுக்குத் தமிழ் கற்பிக்கிறீர்களே, அதைப்பற்றிச் சொல்லுங்கள், போதும்" என்று செயலாளர் விடை தந்தார். அதற்குமேல் மறுக்க எனக்கு வாயில்லை. ஆகவே, நன்றாகக் கற்பித்தவன் என்ற உரிமையோடு நான் இங்கே நிற்கவில்லை. தவறாகக் கற்பித்து, அதனால் சிறிது கற்றுக்கொண்டவன் என்ற முறையில் நிற்கிறேன். அன்பு கூர்ந்து செவி சாய்க்க வேண்டுகிறேன்.

ஆசிரியர் எப்படி இருத்தல் வேண்டும் என்று நம் முன்னோர் மிக நுட்பமாக ஆராய்ந்துள்ளனர். 13ஆம் நூற்றாண்டளவில் நன்னூல் என்னும் இலக்கணத்தை இயற்றிய பவணந்தி முனிவர், எழுத்தையும் சொல்லையும் விளக்கப் புகுமுன்னர், பாயிரத்தில் ஆசிரியரின் இயல்பையும் மாணாக்கரின் இயல்பையும் வகுத்துரைக்கின்றார். நல்லாசிரியருக்கு அவர் காட்டும் உவமைகள் நான்கு: நிலம், மலை, துலாக்கோல், மலர். நிலம்போல் பொறுமையும், மலைபோல் அளக்கலாகாத அறிவின் உயர்வும், துலாக்கோல்போல் ஐயத்தைத் தீர்த்து ஒரு பக்கம் சாயாத நடுநிலையும், மலர்போல் யாவரும் விரும்பும் முகமலர்ச்சியும் உடையவரே ஆசிரியர் என்பது கருத்து.

ஆசிரியர் ஆகாதவர்க்கும் அவர் நான்கு உவமைகள் கூறுகின்றார். முதலாவது கழற்குடம். கழற்சிக்காய்களை ஒரு குடத்தில் இட்டுக் கவிழ்த்தால், இட்ட முறையில் அவை வெளிவருவதில்லை. அதுபோலத் தாம் கற்ற முறைவைப்பின்றி உளறிக் கொட்டுவோர் ஒரு வகையினர். இரண்டாவது மடற்பனை. கருக்குமட்டை சூழ்ந்த பனையில் எவரும் ஏறிப் பறிக்க இயலாது; அதுவாகப் பழம் உதிர்த்தால்தான் உண்டு. பிறர் அணுகிக் கேட்க அஞ்சும்படி இருப்போர் இவ்வகையினர். மூன்றாவது பருத்திக்குண்டிகை. குறுகிய வாயுடைய குடுவையில் பஞ்சை அடைப்பதும் கடினம், எடுப்பதும் கடினம். நான்காவது முடத்தெங்கு. நீர் ஊற்றியவன் ஒருவன் இருக்க, வளைந்து போய் அடுத்த வீட்டு முற்றத்தில் காயை உதிர்க்கும் தென்னை அது.

பள்ளியில் இதைப் படித்தபோது, இந்த உவமைகளெல்லாம் வேறு யாரையோ குறிப்பன என்று எண்ணியிருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நம் சங்கக் கட்டடத்தின் பின்னறையில், நானே ஒரு மடற்பனை என்பதைக் கண்டுகொண்டேன். அந்த நிகழ்ச்சியை மறைக்காமல் சொல்லுகிறேன்.

அப்போது நம் ஞாயிறு வகுப்புக்கு 31 குழந்தைகள் வந்துகொண்டிருந்தனர். அவர்களுள் ஒருத்தி ஒன்பது வயதுச் சிறுமி. குஜராத்திப் பள்ளியில் படித்தவள். கரும்பலகையில் நான் 'கடல்', 'தங்கம்', 'பகல்' என்று மூன்று சொற்களை எழுதி உரக்கப் படித்தேன். குழந்தைகள் பின்தொடர்ந்து படித்தனர். அவள் மட்டும் எழுந்து, "மாமா, மூன்று சொல்லிலும் ஒரே 'க'தானே இருக்கிறது? ஆனால் நீங்கள் மூன்று விதமாகப் படிக்கிறீர்களே, அது ஏன்? எங்கள் பள்ளியில் ஒவ்வோர் ஓசைக்கும் ஒவ்வோர் எழுத்து இருக்கிறதே" என்று கேட்டாள்.

எவ்வளவு கூர்மையான கேள்வி என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். குஜராத்தியிலும் இந்தியிலும் வல்லோசைக்கு ஓர் எழுத்து, மெலிந்த ஓசைக்கு ஓர் எழுத்து, அவ்விரண்டிலும் மூச்சொலி கலந்தவற்றுக்குத் தனித்தனி எழுத்து என நான்கு எழுத்துகள் இருக்கின்றன. நம்மிடம் இருப்பது ஒரே ககரம். இரண்டு நெடுங்கணக்கையும் ஒப்பிட்டுப் பார்த்து அந்தக் குழந்தை வினவினாள். நாற்பதை எட்டிக்கொண்டிருந்த நானோ, அவ்வாறு ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. 'கடல்' என்று எப்படிப் படிப்பது என்பது எனக்குத் தெரியும். ஏன் அப்படிப் படிக்கிறோம் என்பது தெரியாது.

தெரியாது என்று சொல்லியிருந்தால் குடி முழுகிப் போயிராது. நான் அப்படிச் சொல்லவில்லை. "அதெல்லாம் அப்படித்தான். அதிகப்பிரசங்கித்தனமாகக் கேட்காமல் உட்கார்ந்து எழுது" என்றேன். மற்றக் குழந்தைகள் சிரித்தனர். அவள் உட்கார்ந்தாள், எழுதவும் எழுதினாள். ஆனால் அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. பரீட்சை நேரம் போலும் என்று நான் இருந்துவிட்டேன். இரண்டு மாதங்களில் அவள் தந்தையார்க்கு வேறு டிவிஷனுக்கு மாற்றல் வந்து, குடும்பம் காலனியை விட்டே போய்விட்டது. ரயில்வே குடும்பங்களுக்கு மாற்றல் புதிதன்று. ஆனால் ஒரு குழந்தையின் கேள்விக்குக் கொடுக்க வேண்டிய விடை என்னிடமே தங்கிவிட்டது.

அந்த ஆண்டின் முடிவில் 31 குழந்தைகள் 9 பேராகக் குறைந்தனர். கைப்பேசியைக் குறை கூறினேன். தொலைக்காட்சியைக் குறை கூறினேன். பெற்றோர்க்குத் தாய்மொழிப் பற்று இல்லை என்று இந்தச் சங்கத்துக் கூட்டத்திலேயே குறை கூறிப் பேசினேன். என்னைக் குறை கூறிக்கொள்ள மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

என் கண்ணைத் திறந்தவர் ஒரு மூதாட்டியார். தமிழ்நாட்டில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற அந்த அம்மையார், மகள் வீட்டில் சில மாதங்கள் தங்குவதற்காக நம் காலனிக்கு வந்திருந்தார். நான் அவரை அணுகி, "அம்மா, ஒரு ஞாயிறு வந்து குழந்தைகளுக்கு அறிவுரை கூற வேண்டும்" என்று கேட்டுக்கொண்டேன். அவர் வந்தார். ஆனால் முன்னால் வராமல், கடைசிப் பாயில் குழந்தைகளோடு குழந்தையாக உட்கார்ந்துகொண்டு, "நீங்கள் நடத்துங்கள் தம்பி, நான் பார்க்கிறேன்" என்றார். வகுப்பு முழுவதும் ஒரு துண்டுத் தாளில் ஏதோ கோடு போட்டுக்கொண்டே இருந்தார்.

குழந்தைகள் போனபின் அந்தத் தாளை என்னிடம் கொடுத்தார். அதில் ஒன்பது குழந்தைகளுக்கும் ஒன்பது வரிசைகள் இருந்தன. ஒரு குழந்தை தனியாக வாய் திறந்து ஏதேனும் சொல்லும்போதெல்லாம் அந்த வரிசையில் ஒரு கோடு இட்டிருந்தார். இரண்டு குழந்தைகளின் வரிசையில் கோடுகள் நிறைய இருந்தன. மற்ற ஏழு வரிசைகளும் வெறுமையாக இருந்தன. "தம்பி, நீங்கள் நன்றாகப் பேசுகிறீர்கள். ஆனால் இரண்டு மணி நேரத்தில் ஏழு குழந்தைகள் ஒரு சொல்கூடத் தனியாகச் சொல்லவில்லை. கூட்டமாகச் சொன்னார்கள். கூட்டத்தில் யார் சொன்னார்கள், யார் வாயசைத்தார்கள் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

பிறகு இன்னொன்றும் கேட்டார். "புரிந்ததா என்று பதினைந்து முறை கேட்டீர்கள். எல்லாரும் புரிந்தது என்றார்கள். புரியவில்லை என்று ஆசிரியரிடம் சொல்லத் துணிந்த குழந்தையை நீங்கள் எங்கேனும் பார்த்திருக்கிறீர்களா?"

அந்தக் கேள்வி என் நெஞ்சில் தைத்தது. துணிந்த ஒரு குழந்தையை நான் பார்த்திருந்தேன். அவளைத்தான் உட்கார வைத்துவிட்டேன். அந்தக் கதையை அம்மையாரிடம் சொன்னேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "அவள் கேட்டதற்கு விடை சொல்லுகிறேன், கேளுங்கள்" என்று சொல்லிக் கொடுத்தார்.

சொல்லின் முதலில் வரும் ககரம் வல்லோசை பெறும், 'கடல்' என்பதுபோல. இரட்டித்து வரும்போதும் அப்படியே, 'பக்கம்' என்பதுபோல. தனக்கு இனமான மெல்லெழுத்தை அடுத்து வரும்போது அது மெலிந்து ஒலிக்கும்; 'தங்கம்' என்பதுபோல. இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே தனியாக வரும்போது இன்னும் நெகிழ்ந்துவிடும், 'பகல்' என்பதுபோல. தகரத்துக்கும் பகரத்துக்கும் பெரும்பாலும் இதே முறைதான். 'பம்பரம்' என்னும் ஒரே சொல்லில் முதற் பகரம் வலிந்தும் இடைப் பகரம் மெலிந்தும் வருவதைக் காதால் கேட்டு அறியலாம். வடமொழி முதலிய பிறமொழிகளிலிருந்து வந்த சொற்களில் இது மாறுவதுண்டு. ஓசை இடத்தால் தெரிந்துவிடுவதால், தமிழுக்குத் தனித்தனி எழுத்து வேண்டியிருக்கவில்லை. இவ்வளவுதான் செய்தி. ஐந்து நிமிடத்தில் சொல்லக்கூடிய செய்தி. அதைத் தெரிந்துகொள்ளாமல் நான் ஒரு குழந்தையை இழந்தேன்.

அடுத்த ஞாயிறு முதல் நான் என் வகுப்பைச் சோதிக்கத் தொடங்கினேன். பாடப்புத்தகத்தில் 'ஆடு' என்னும் சொல்லுக்கு மேலே ஆட்டின் படம் இருக்கும். 'இலை' என்னும் சொல்லுக்கு மேலே இலையின் படம் இருக்கும். குழந்தைகள் மளமளவென்று படிப்பார்கள். ஒருநாள் படங்களின்மேல் ஒரு தாளை வைத்து மறைத்துவிட்டு, ஒவ்வொருவராகப் படிக்கச் சொன்னேன். ஒன்பது பேரில் நால்வருக்குப் படிக்க வரவில்லை. ஓராண்டாக அவர்கள் எழுத்தைப் படிக்கவில்லை. படத்தைப் பார்த்துச் சொல்லிவந்திருக்கிறார்கள். நான் கற்பித்தேன் என்பது மெய். அவர்கள் கற்றார்கள் என்பது மெய்யன்று. கற்பித்தலும் கற்றலும் ஒன்றல்ல என்பதை அன்று உணர்ந்தேன். அன்றுமுதல் "புரிந்ததா" என்று கேட்பதை விட்டுவிட்டேன். அதுவரை பார்த்திராத ஒரு புதிய சொல்லைக் கொடுத்து, "இதைப் படி" என்கிறேன். புரிந்ததோ இல்லையோ என்பதை அந்தச் சொல்லே எனக்குச் சொல்லிவிடும்.

இன்னொரு மாற்றமும் செய்தேன். ணகரமும் ளகரமும் கடினமான எழுத்துகள் என்று எண்ணி, அவற்றைக் கடைசியில் வைத்திருந்தேன். நம் குழந்தைகள் தெருவில் பேசும் குஜராத்தியைக் காது கொடுத்துக் கேட்டபோதுதான் என் அறியாமை விளங்கிற்று. இந்திக்காரர் 'பானீ' என்று சொல்லும் தண்ணீரை, குஜராத்தியர் 'பாணீ' என்று நம் ணகரத்தோடு சொல்லுகின்றனர். பழத்தைக் குறிக்கும் குஜராத்திச் சொல் நம் ளகரத்தில் முடிகின்றது. நம் குழந்தைகளின் நாவில் அந்த ஓசைகள் முன்னரே குடியிருக்கின்றன! இருப்பதிலிருந்து இல்லாததற்குச் செல்ல வேண்டும் அன்றோ? ஆகவே, 'பாணீ'யில் தொடங்கி 'தண்ணீர்'க்கு வந்தோம். ழகரம் ஒன்றுதான் அவர்களுக்கு உண்மையில் புதிது. அதற்கு வேண்டிய காலத்தை அதற்கே கொடுத்தோம். அண்டை வீட்டார் மொழியைத் தமிழுக்குப் பகையென்று எண்ணியிருந்த எனக்கு, அதுவே ஏணியாக வாய்த்தது.

நாம் பிழைக்க வந்த இந்தக் குஜராத்து மண்ணில், இத்தகைய எண்ணத்துக்கு முன்னோடியாக ஒரு பெரியார் வாழ்ந்திருக்கிறார். கிஜுபாய் பதேகா என்பது அவர் பெயர். 1885ஆம் ஆண்டு பிறந்தவர். முதலில் வழக்கறிஞர். தம் மகனுக்கு எத்தகைய கல்வி தருவது என்று சிந்திக்கத் தொடங்கி, மான்டிசோரி அம்மையாரின் கருத்துகளைப் படித்து, வழக்கறிஞர் தொழிலை விட்டு, 1916இல் பாவ்நகரில் தட்சிணாமூர்த்தி என்னும் கல்வி நிலையத்தில் சேர்ந்தார். 1920இல் சிறு குழந்தைகளுக்கென்று அங்கே பாலமந்திர் என்னும் பள்ளியைத் தொடங்கினார். 1939இல் அவர் மறைந்தார். மக்கள் அவரை 'மூச்சாளி மா', அதாவது மீசை வைத்த அம்மா, என்று அன்போடு அழைத்தனர். அந்தப் பட்டப்பெயரிலும் ஒரு ளகரம் இருப்பதைக் குழந்தைகள் கவனித்துக்கொள்ளலாம்.

பகற்கனவு எனப் பொருள்படும் 'திவாஸ்வப்னா' என்னும் நூலை அவர் எழுதினார். நான்காம் வகுப்பு ஒன்றை ஓராண்டு எடுத்துக்கொண்டு புதிய முறையில் கற்பிக்க முயலும் ஓர் ஆசிரியரின் கதை அது. அதில் என்னைக் கவர்ந்தது அவர் வெற்றியன்று. முதல் நாள் தோல்வியே. பெரிய திட்டங்களோடு வகுப்புக்குள் நுழையும் அந்த ஆசிரியர், குழந்தைகளை அமைதியாக இருக்கச் செய்யும் ஒரு விளையாட்டோடு தொடங்குகிறார். குழந்தைகள் கூச்சலிட்டுக் கேலி செய்து அதைக் குலைத்துவிடுகின்றனர். அவர் அவர்களை அடிக்கவில்லை. பிள்ளைகள் கெட்டவர்கள் என்றும் முடிவு கட்டவில்லை. தாம் போட்ட கணக்குத்தான் தவறு என்று கண்டு, மறுநாள் ஒரு கதையோடு வருகின்றார். குழந்தைகள் கதையைச் சூழ்ந்துகொள்கின்றனர். வகுப்பு கெட்டால் முதலில் தன் முறையை ஆராய்பவனே ஆசிரியன் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமோ?

சிறு குழந்தைகளுக்குக் கற்பிப்போர்க்குத்தான் இது பொருந்தும், பெரும்புலவர்க்குப் பொருந்தாது என்று சிலர் எண்ணக்கூடும். தமிழ்த் தாத்தா உ.வே. சாமிநாதையர் அவர்களின் வாழ்க்கையைப் பாருங்கள். அவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்களிடம், அப்பெருமான் 1876இல் மறையும் வரையில் பாடம் கேட்டவர். 1880ஆம் ஆண்டு கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். அப்போது அவருக்கு வயது 25. அதே ஆண்டில் அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் என்று ஐயர் நீண்ட பட்டியலைச் சொன்னார். முதலியார் வியக்கவில்லை. சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் அதைப் படித்ததில்லை.

கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் ஒருவருக்கு, தமிழ் தொழிலாக இல்லாத ஒரு நீதிபதி அவர் அறியாத நூலைச் சுட்டிக் காட்டினால் என்ன தோன்றும்? நம்மைப் போன்றவர்க்குச் சினம் தோன்றும். ஐயர் அவர்கள் அந்த நூலின் பிரதியை வாங்கிக்கொண்டு படிக்கத் தொடங்கினார். பல இடங்கள் விளங்கவில்லை. அது சமண சமயக் காப்பியமாதலால், கும்பகோணத்தில் வாழ்ந்த சமணப் பெருமக்களை நாடிச் சென்று, மாணவனைப்போல் ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தார். கல்லூரியில் ஆசிரியர், சமணர் இல்லத்தில் மாணவர். ஏழாண்டு உழைப்புக்குப் பின்னர் 1887இல் சிந்தாமணி அச்சில் வெளிவந்தது. அதன்பின் சங்க நூல்கள் பலவற்றை அவர் தேடிப் பதிப்பித்த வரலாறு உலகறிந்தது. "படித்ததில்லை" என்று அன்று அவர் நாணாமல் ஒப்புக்கொண்டதிலிருந்து தழைத்தது அந்தப் பெருமரம். அந்தப் பெரியவருக்கே அது இழுக்கில்லை என்றால், ஒரு சிறுமியின் முன் "எனக்குத் தெரியவில்லை, அம்மா, அடுத்த ஞாயிறு கேட்டு வந்து சொல்லுகிறேன்" என்று சொல்ல எனக்கு மட்டும் என்ன வெட்கம்?

நம் ரயில்வேத் தொழிலிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இங்கே கூடியிருக்கும் லோகோ பைலட் நண்பர்கள் இதை நன்கறிவார்கள். எத்தனை ஆண்டு அனுபவம் உடையவராயினும், பழகாத பாதையில் அவரிடம் வண்டியை ஒப்படைப்பதில்லை. அந்தப் பாதையில் முன்னரே பழகியவரோடு பலமுறை சென்று, எங்கே வளைவு, எங்கே ஏற்றம், எந்தச் சிக்னல் எந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியும் என்றெல்லாம் பகலிலும் இரவிலும் பார்த்துப் பழகி, 'இப்பாதையை அறிவேன்' என்று கையெழுத்திட்ட பின்னரே அவர் தாமாக ஓட்டலாம். சில மாதங்கள் அந்தப் பாதைப் பக்கம் போகாதிருந்தால், மீண்டும் பயில வேண்டும். அதுவன்றிக் குறித்த ஆண்டுகளுக்கு ஒருமுறை பயிற்சிப் பள்ளிக்குச் சென்று, மாணவர் பெஞ்சில் உட்கார்ந்து, மறுபயிற்சி பெற்றுத் திரும்ப வேண்டும். முப்பதாண்டு வண்டி ஓட்டியவரும் இதற்கு விலக்கல்லர். அதை யாரும் அவமானமாகக் கருதுவதில்லை. பின்னால் நூற்றுக்கணக்கான உயிர்கள் அமர்ந்திருக்கின்றன என்பதே காரணம்.

ஒவ்வொரு குழந்தையும் ஒரு புதிய பாதை. அதன் வளைவும் ஏற்றமும் வேறு. போன ஆண்டுக் குழந்தைகளுக்குப் பயன்பட்ட வழி இந்த ஆண்டுக் குழந்தைகளுக்குப் பயன்படாமல் போகலாம். பாதையைப் பயிலாமல் வண்டியை ஓட்டுவது குற்றமென்றால், குழந்தையைப் பயிலாமல் பாடத்தை ஓட்டுவது மட்டும் எப்படிக் குற்றமில்லையாகும்?

அரசினரும் இதை உணர்ந்துள்ளனர். 2020ஆம் ஆண்டு வெளியான தேசியக் கல்விக் கொள்கை, ஒவ்வோர் ஆசிரியரும் ஆண்டொன்றுக்கு 50 மணி நேரமாவது தம் தொழிலறிவை வளர்த்துக்கொள்ளும் பயிற்சியில் ஈடுபட வேண்டும் என்று கூறுகின்றது. அக்கொள்கையின் மற்றப் பகுதிகளைப்பற்றிப் பலர்க்குப் பல கருத்துகள் இருக்கலாம்; அவற்றுக்குள் நான் புகவில்லை. இந்த ஒன்றை மட்டும் கணக்கிட்டுப் பார்த்தேன். 50 மணி என்பது வாரத்துக்கு ஒரு மணிகூட ஆகவில்லை. ஊதியம் பெறும் ஆசிரியர்க்கே அது வேண்டியதென்றால், பயிற்சியே பெறாத நம்மைப் போன்ற ஞாயிற்றுக்கிழமை ஆசிரியர்க்கு அது எத்துணை இன்றியமையாதது!

ஆனால் பயிற்சி வகுப்பில் அமர்ந்து வருவதொன்றால் மட்டும் ஒருவர் நல்லாசிரியர் ஆகிவிடுவதில்லை. வகுப்பிலே என்ன நடந்தது என்பதைத் தாமே திரும்பிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். என் சிற்றறிவுக்கு எட்டியவரையில் நான் கைக்கொண்டுள்ள மூன்று பழக்கங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறேன். குழந்தைகள் கேட்கும் கேள்விகளை அதில் எழுதிக்கொள்கிறேன். விடை தெரிந்தவற்றை அல்ல, தெரியாதவற்றை. வாரத்துக்குள் யாரையேனும் கேட்டோ, நூலைப் பார்த்தோ விடையை எழுதி, அடுத்த ஞாயிறு கேட்ட குழந்தையின் பெயர் சொல்லியே விடையைச் சொல்லுகிறேன். தன் கேள்வியை ஒருவர் வாரம் முழுவதும் சுமந்திருந்தார் என்று அறியும் குழந்தையின் முகத்தில் தோன்றும் மலர்ச்சி இருக்கிறதே, அதற்கு ஈடாகும் பரிசு வேறில்லை. அந்தக் குறிப்பேட்டின் முதற் பக்கத்தில் அந்தச் சிறுமியின் கேள்வியை எழுதி வைத்திருக்கிறேன்.

இரண்டு, மாதம் ஒருமுறை வேறொருவரை என் வகுப்பில் வந்து உட்காரச் சொல்லுகிறேன். அந்த அம்மையார் ஊர் திரும்பிவிட்டார். ஆனால் கோடு போடுவதற்குப் பெரும்புலமை வேண்டியதில்லை. நம் காலனித் தாய்மார்கள் சிலர் வந்து அந்தத் தொண்டைச் செய்கின்றனர். வெற்று வரிசைகள் குறைந்துவருகின்றன. இன்னும் முற்றிலும் மறையவில்லை.

மூன்று, நானும் மாணவனாகிறேன். நாற்பது வயதுக்குமேல் குஜராத்தி எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன். எனக்கு ஆசிரியர் என் பக்கத்து வீட்டுச் சிறுவன். ஆறாம் வகுப்பு மாணவன். அவன் எழுத்தைச் சொல்லும்போது என் கை தடுமாறுகின்றது. நேற்றுக் கற்ற எழுத்து இன்று மறந்துபோகின்றது. அவன் சற்றே முகம் சுளித்தால் என் உள்ளம் சுருங்கிவிடுகின்றது. வளர்ந்த எனக்கே இப்படியென்றால், ஒன்பது வயதுக் குழந்தைக்கு என் கடுஞ்சொல் எப்படி இருந்திருக்கும் என்பதை அந்தப் பாடத்தில்தான் அறிந்துகொள்கிறேன். தான் கற்பதை நிறுத்திவிட்டவருக்குக் கற்போரின் துன்பம் மறந்துவிடுகிறது.

அன்பர்களே! இன்று நம் ஞாயிறு வகுப்பில் 17 குழந்தைகள் இருக்கின்றனர். அந்தப் பழைய 31 ஆகவில்லை. நானும் இன்னொரு நண்பரும் மட்டுமே கற்பிக்கிறோம். நாளை எங்களில் ஒருவருக்கு மாற்றல் வந்தால் வகுப்பு பாதியாகிவிடும். நம் காலனியில் தமிழ் படிக்கத் தெரிந்த தாய்மாரும் தந்தையரும் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். "எனக்கு இலக்கணம் தெரியாதே, நான் எப்படிக் கற்பிப்பது?" என்று நீங்கள் தயங்குவதை நான் அறிவேன். தெரியாது என்று சொல்லத் தெரிந்ததே முதற் தகுதி. மற்றதைக் குழந்தைகளே நமக்குக் கற்றுக் கொடுப்பார்கள். இவ்வாண்டில் இருவரேனும் முன்வர வேண்டும் என்று உங்கள் முன் கைகூப்பி வேண்டுகிறேன்.

பெற்றோர்க்கும் ஒரு விண்ணப்பம். வகுப்பிலிருந்து திரும்பும் குழந்தையிடம் "இன்று என்ன சொல்லிக் கொடுத்தார்கள்?" என்று மட்டும் கேளாதீர்கள். "இன்று நீ என்ன கேட்டாய்?" என்றும் கேளுங்கள். ஒன்றும் கேட்கவில்லை என்று குழந்தை சொன்னால், அடுத்த நாள் என்னை நிறுத்திக் காரணம் வினவுங்கள். அந்த வினாவை நான் மனமார வரவேற்பேன்.

அந்தச் சிறுமி இப்போது வளர்ந்திருப்பாள். எந்த ஊர்ப் பள்ளியில் படிக்கிறாளோ அறியேன். இந்த மலர் எவ்வாறேனும் அவள் கைக்குச் சென்று, தமிழைப் படிக்கும் அளவுக்கு அவளுக்கு அது நினைவில் இருக்குமானால், அவள் கேட்ட கேள்விக்கு விடை இந்தப் பக்கங்களில் இருக்கிறது. காலந்தாழ்த்திச் சொன்னமைக்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.